நங்கூரம் போட்ட கப்பலுக்கு மேலே

அன்புள்ள பாபு,

நீ நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஆனால் உன்னைப் பற்றி நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இப்போதெல்லாம் கொஞ்சம்தான். இதை எழுதும் நேரத்தில் உன் கப்பல் இலங்கைக்குத் தெற்கே கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அதன் வேகம் எனக்குத் தெரியும். அடுத்து எந்தத் துறைமுகம், என்றைக்குப் போய்ச் சேரும் என்பது தெரியும். கப்பலின் நீளம், அகலம், தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்பதுகூட இங்கே வீட்டில் உன் அறையில் இருக்கும் கம்ப்யூட்டர் திரையில் வந்துவிடுகிறது. நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா, யாரிடமாவது மனம்விட்டுப் பேசினாயா என்பது மட்டும் அதில் வருவதில்லை. அதற்கு இன்னும் யாரும் கருவி கண்டுபிடிக்கவில்லை போலிருக்கிறது. ஆகவே கேட்கிறேன், நலமா?

அடுத்த மாதம் உன் ஒப்பந்தம் முடிகிறது. கப்பலிலிருந்து இறங்கியதும் நேராக மும்பை போய், நண்பன் அறையில் தங்கி, அடுத்த பரீட்சைக்குப் படிக்கப் போவதாகப் போனில் சொன்னாய். போன தடவையும் அப்படித்தான் சொன்னாய். அம்மா போனதிலிருந்து நீ இந்தப் பாகாயம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நீ சொன்னதற்கு நான் "சரிப்பா" என்றேன். போனை எடுத்தால் என் வாயில் வருவது அது ஒன்றுதான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ வீட்டுக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. அதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் அக்கா, அதாவது உன் எஸ்தர் அத்தை, படித்தால் இன்னும் நல்லது.

உன் கம்ப்யூட்டரை நான் தொட்டது அம்மா அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்துத்தான். அதுவரை உன் அறைக் கதவைத் திறந்து பெருக்கிவிட்டுச் சாத்திவிடுவேன். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நீ பிளஸ் டூ படித்தபோது அந்த விமான சிமுலேட்டர்தான் உனக்கு உலகம். பைலட் படிப்பு நம் வீட்டுக்கு எட்டாது என்று உனக்குத் தெரியும், அதனால் நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. திரையிலேயே ஓட்டினாய். அம்மா அடுப்படியிலிருந்து, "பாபு, கீழ இறங்கி வா, தோசை ஆறுது" என்பாள். நீயும் "லேண்டிங்மா, ரெண்டு நிமிஷம்" என்பாய். நான் பின்னால் நின்று பார்க்கும்போது ஒரு குறை சொல்வாய், ஞாபகம் இருக்கிறதா? "ஊரு, ரோடு, மலை எல்லாம் சூப்பரா இருக்குப்பா. கடல்தான் பேஜாரு. எவ்ளோ தூரம் போனாலும் ஒரு கப்பல்கூட இல்ல." அப்போது நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு நீயே கப்பலுக்குப் போய்விட்டாய்.

சரி, விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையை விரிவாகச் சொன்னால் நீ சிரிப்பாய். ஆரம்பத்தில் நான் இறக்கிய விமானங்கள் எல்லாம் வயலில்தான் இறங்கின. ஒருதடவை அணைக்கட்டுப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்துக்குள் போனேன். எப்படியோ பழகிவிட்டது. நம் ஊர் விமான தளத்திலிருந்து கிளம்பி, பாலாற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போவேன். சிமுலேட்டரில் பாலாறு முழுக்கத் தண்ணீர் ஓடுகிறதடா! அதைப் பார்க்கவே இரண்டு மூன்று நாள் போனேன். அப்புறம் ஒருநாள் சென்னையைத் தாண்டிக் கடலுக்கு மேலே போனபோது நீ சொன்னது உறைத்தது. வெறும் நீலம். உன்னைச் சுமந்துகொண்டு போகும் கப்பல் நிஜத்தில் எங்கேயோ இருக்கிறது, இங்கே மட்டும் கடலைத் துடைத்துவைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் தேட ஆரம்பித்தேன். நிஜக் கப்பல்களை அப்படியே சிமுலேட்டருக்குள் கொண்டுவரும் ஒரு சின்ன புரோகிராம் இருப்பதாக யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதியிருந்தார். ஒவ்வொரு கப்பலிலும் இருக்கும் ரேடியோ கருவி, நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இந்தத் திசையில் இந்த வேகத்தில் போகிறேன் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்குமாமே. உனக்குத் தெரிந்ததை உனக்கே சொல்கிறேன், பொறுத்துக்கொள். கரையோரங்களில் ஆண்டெனா வைத்திருப்பவர்கள் அதைக் கேட்டு இன்டர்நெட்டில் போடுகிறார்கள். அதை வாங்கி, அந்தந்த இடத்தில் ஒரு கப்பல் பொம்மையை இந்தப் புரோகிராம் நிறுத்துகிறது. பெயரைப் பதிந்தால் ஒரு நீளமான எழுத்து வரிசை அனுப்புவார்கள், அதுதான் சாவி. நான் பூஜ்ஜியத்துக்குப் பதில் ஓ போட்டுவிட்டு நாள் கணக்கில் கடலைத் திட்டிக்கொண்டிருந்தேன். சாவி சரியான அன்றைக்குச் சென்னைக்கு வெளியே பறந்துகொண்டிருந்தேன். ஒன்று முளைத்தது. பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடல் முழுக்கக் கப்பல்கள், ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் பெயர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டேன். "ஏய், இங்க வந்து பாரேன்" என்று அடுப்படியைப் பார்த்துக் கூப்பிட்டும்விட்டேன். பழக்கம்தானே.

உன் கப்பலைக் கண்டுபிடித்தது அதற்கு அடுத்த வேலை. நீ ஐரோப்பாப் பக்கம் இருந்தாய். அங்கேயே ஒரு விமானத்தைக் கிளப்பி வந்து பார்த்தேன். பெயர் சரியாக இருந்தது, கப்பல்தான் நீலமாக இருந்தது. அந்தப் புரோகிராமுக்குக் கப்பல் என்றால் நான்கைந்து மாதிரிதான், எல்லாவற்றுக்கும் அதையே மாற்றி மாற்றிப் போடும். உன் கப்பல் மெரூன். நீ அனுப்பிய போட்டோ என்னிடம் இருக்கிறது. ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் செக்‌ஷனில் ஆயுசு முழுக்க ஷேடு பார்த்தவன் நான். தோல் வாங்கும் பையர் அனுப்பிய மாதிரித் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அதே நிறம் வரும்வரை சாயம் கலந்தவன். என் பிள்ளையின் கப்பலை நீலம் என்றால் ஒத்துக்கொள்வேனா? உன் கப்பல் பெயருக்கென்று தனியாக ஒரு பெயின்ட் ஃபைல் உண்டாக்கி நிறம் கலக்க உட்கார்ந்தேன். இம்தியாஸ் மாமாவைத் தெரியுமல்லவா, என்னோடு அதே செக்‌ஷனில் இருந்தவர், அவர் ஆம்பூரிலிருந்து வந்து பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டார். "சேப்பு ஜாஸ்தி தோஸ்த். கம்மி பண்ணு. கறுப்பு ஒரு சொட்டு விடு. உப்புக் காத்து பட்ட கலரு அப்டிதான் இருக்கும்." ஒரு லாட் முடித்து பையருக்கு அனுப்பிய திருப்தி இருவருக்கும் அன்று இருந்தது.

மலாக்கா நீரிணையில் நடந்த கூத்து உனக்கே தெரியும். கரையிலிருந்து தகவல் வருவது நடுவில் நின்றுவிட்டால், கடைசியாகத் தெரிந்த திசையிலேயே கப்பலை ஓட்டிக்கொண்டு போவது இந்தப் புரோகிராமின் குணம். அது எனக்கு அப்போது தெரியாது. நான் பார்க்கும்போது உன் கப்பல் சுமத்ரா கரையில் ஏறி, காட்டுக்கு நடுவே, மரங்களுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. உனக்குப் போன் போட்டு, "டேய், கப்பல் தரைல ஏறிடுச்சாடா?" என்று கத்தினேன். விஷயம் புரிந்ததும் நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது! அம்மா இறந்த பிறகு நீ சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அதையெல்லாம் நம்பாதீங்கப்பா, அது பாதி தப்பா காட்டும்" என்றாய். நானும் நம்பமாட்டேன் என்று சொன்னேன். கப்பலை இன்னொரு தடவை காட்டுக்குள் ஓட்டினால்கூடப் பரவாயில்லை, நீ சிரிப்பாய் என்று இருந்தது.

கரையை விட்டு வெகுதூரம் போய்விட்டால் உன் கப்பல் திரையிலிருந்து மறைந்துவிடும். நடுக்கடலில் ஆண்டெனா வைக்க யார் இருக்கிறார்கள்? அந்த நாட்களில் நீ கடைசியாக இருந்த இடத்துக்குப் போய்ச் சும்மா சுற்றிவிட்டு வருவேன். கீழே தண்ணீர் மட்டும் இருக்கும். அம்மா இறந்தபோதும் நீ அட்லாண்டிக்கில் இப்படித்தான் எந்தக் கரைக்கும் எட்டாத இடத்தில் இருந்தாய். அடுத்த துறைமுகம் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றாய். அடக்கத்துக்கு அவ்வளவு நாள் காத்திருக்க முடியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் யாரோ ஒருவர் போனைப் பிடித்துக் காட்டினார். பாதியில் படம் நின்றுவிட்டது என்று பிறகு சொன்னாய். எந்த இடத்தில் நின்றது என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கத் துணிவில்லை.

இப்போது, நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு காலை வேளை. உன் கப்பல் சில நாட்களாகத் திரையில் இல்லை. வழக்கம்போல நம் ஊரிலிருந்து கிளம்பி, சென்னையைத் தாண்டிக் கடலுக்கு மேலே வந்திருந்தேன். துறைமுகத்துக்கு வெளியே வரிசையாகக் கப்பல்கள் காத்திருக்கும் இடத்தில் ஒரு மெரூன் நிறம் தெரிந்தது. அந்த நிறம் நான் கலந்தது, அதனால் பெயரைப் படிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. விமானத்தைக் கீழே இறக்கினேன். உன் கப்பல்தான். வேகம் பூஜ்ஜியம். நங்கூரம் போட்டு நிற்கிறது என்று பக்கத்தில் எழுதியிருந்தது. விமானத்தை இடப்புறம் சாய்த்து அதைச் சுற்ற ஆரம்பித்தேன். அப்போதுதான் போன் அடித்தது. நீ.

"அப்பா, சாப்ட்டீங்களா?"

"ஆச்சுப்பா. நீ எங்க இருக்கே?"

"நடுக்கடல்லப்பா. சுத்தி ஒண்ணுமே இல்ல. சிங்கப்பூர் போக இன்னும் நாளாவும். சிக்னல் எப்ப வேணா கட் ஆயிடும்."

முதலில் நான் திரையைத்தான் சந்தேகப்பட்டேன். காட்டில் கப்பல் ஓட்டிய புரோகிராம்தானே, இதுவும் அந்த மாதிரிக் கோளாறு என்று நினைத்தேன். நீ சொல்வது சரி, இது தப்பு. ஆனால் உன் குரல் அடுத்த அறையிலிருந்து பேசுவது மாதிரி அவ்வளவு தெளிவாக இருந்தது. நடுக்கடலிலிருந்து நீ பேசினால் நான் கேட்டதற்குப் பதில் வர ஒரு மூச்சு நேரமாகும். அன்று அது இல்லை. அடுத்தாற்போல உனக்குப் பின்னால் ரேடியோவில் யாரோ கரகரவென்று கத்தினார்: "டேய் மச்சான், காசிமேடு போய்ட்டியா இன்னா? ஐஸு கம்மியா கீதுடா!" காசிமேடு சென்னை மீன்பிடித் துறைமுகமாயிற்றே! நீ சட்டென்று சத்தத்தைக் குறைத்தாய்.

"அது இன்னாப்பா சத்தம்?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா. ரேடியோ."

"சரிப்பா" என்றேன். உடம்பைப் பார்த்துக்கொள் என்றேன். நீ போனை வைத்த பிறகும் நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். கீழே அந்தக் கப்பல் பொம்மையில் ஆட்கள் கிடையாது. மேல்தளம் காலியாக இருக்கும். இருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் நீ நிற்கும் அந்த உச்சி அறையின் கண்ணாடியைத்தான் பார்த்தேன். எரிபொருள் முள் இறங்குவதைக் கவனிக்கவில்லை. கடைசியில் உன் பக்கத்திலேயே கடலில் விழுந்தேன்.

இம்தியாஸ் மாமாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் யோசிக்கவே இல்லை. "மூணு மணி நேர தூரத்துல புள்ள நிக்கறான். வா தோஸ்த், போய் பாத்துட்டு வந்துரலாம்" என்றார். மறுநாள் காலை ரயிலில் அவர் ஆம்பூரில் ஏறி எனக்கு இடம் போட்டுக்கொண்டு வந்தார், நான் காட்பாடியில் ஏறினேன். சென்னையில் இறங்கி, பஸ் பிடித்து, திருவொற்றியூர்ப் பக்கம் கடலோரமாகக் கொட்டியிருக்கும் கருங்கல் மேல் போய் நின்றோம். பாபு, சிமுலேட்டரில் மேலேயிருந்து பார்த்தால் ஒவ்வொரு கப்பலும் தனியாக, பெயரோடு தெரியும். கரையிலிருந்து பார்த்தால் தூரத்தில் வரிசையாகக் கறுப்புக் கட்டிகள், அவ்வளவுதான். வெயில் எங்கள் முகத்துக்கு நேரே அடித்தது. எல்லாக் கப்பலும் நிழலாக நின்றன. ஆயுசு முழுக்க ஷேடு பார்த்த இரண்டு கிழவர்களுக்கும் ஒரு நிறமும் தெரியவில்லை. போனில் பார்த்தால் இந்தத் திசை என்கிறது, அந்தத் திசையில் நான்கு நிற்கின்றன.

"எதுன்னு தெரியலியே பாய்" என்றேன்.

"தெரியலன்னா இன்னா? எல்லாத்துக்கும் காட்டு" என்று சொல்லிவிட்டு, இம்தியாஸ் மாமா இடமிருந்து வலமாக ஒவ்வொரு கப்பலுக்கும் கையை ஆட்டினார். மீன்பிடி வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு நானும் ஆட்டினேன்.

மத்தியானம் சாய்ந்து வெயில் எங்கள் முதுகுக்கு வந்த பிறகு நிறங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பச்சை, கறுப்பு, துருப்பிடித்த சிவப்பு. வடக்குக் கோடியில் உன் மெரூன். மாமா கூட, "கலர் கரெக்டா வெச்சிருக்கோம் தோஸ்த்" என்றார். நான் உனக்குப் போன் போட்டேன். ரிங் போனது, முழுசாகப் போனது. நீ எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உன் கப்பல் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு மெதுவாகத் தெற்கே நகர்ந்து, துறைமுகச் சுவருக்குப் பின்னால் போய் மறைந்தது. ஹார்பர் வாசலில் போய்க் கேட்கலாமா என்றார் மாமா. நீ கூப்பிடாத இடத்துக்கு நான் எப்படி வருவேன்? வேண்டாம் என்றேன். திரும்பி வரும்போது ரயிலில் உன் மெசேஜ் வந்தது, நெட்வொர்க் இல்லப்பா, ஸாரி என்று. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அரக்கோணம் வரை உன்னை மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். நேரில் கிடைத்தால் அறைந்திருப்பேன். முப்பது வயதை நெருங்கும் பிள்ளையை அறைய முடியாது என்பது காட்பாடி வரும்போதுதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்தால் எஸ்தர் அத்தை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். கதவு பூட்டியிருந்ததால் பயந்துபோயிருந்தாள். எங்கே போனாய், எங்கே போனாய் என்று துளைத்து எடுத்தாள். வாய் தவறி, பாபு கப்பல் சென்னைக்கு வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். முகம் மாறியது. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். "வர்றானா? வரட்டும். கேட்டுலயே புடிச்சிக்கறேன் அவன. அவன் கழுத்த கட்டிக்கினு அழாம என் நெஞ்சு வேவாது. அம்மா மொகத்த பாக்காதவனே, இப்பதான் வழி தெரிஞ்சிதான்னு கேக்கணும்." பேசிக்கொண்டே போனை எடுத்துச் சொந்தக்காரர்களுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். யார் யார் வர வேண்டும், யார் உன்னைக் கல்லறைக்குக் கூட்டிப்போவது என்று எல்லாம் அவள் மனதில் தயாராக இருந்தது. என் கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. நீ என்னிடமிருந்து ஒளியவில்லை என்று புரிந்தது.

தாத்தா இறந்து பல நாள் கழித்து உன் பெரியப்பா குவைத்திலிருந்து வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ சின்னப் பையன். வீட்டில் பெண்கள் பட்டாணி உரித்துக்கொண்டு ஏதோ கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் ஆட்டோ திரும்பியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடிப்போய் ஓவென்று அழுதார்கள். பெரியப்பாவைப் பெட்டியைக் கீழே வைக்கக்கூட விடவில்லை. நீ கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாய். அம்மாதான் குனிந்து உன்னை வெளியே இழுத்தாள். "ஏம்மா எல்லாரும் ஒண்ணா அழறாங்க, இப்பதானே சிரிச்சாங்க?" என்று கேட்டாய். அது வழக்கம், சாவுக்கு வராதவர் வரும்போது அழுகையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் அன்பில்லை என்று அர்த்தம் என்றெல்லாம் உனக்கு யார் சொல்வது? அந்த அழுகையில் பொய்யும் இல்லை. வந்தவனுக்காக எடுத்து வைத்திருக்கும் பங்கு அது. பெரியப்பா பிறகு என்னிடம் சொன்னார், விமானத்தில் ஏறியதிலிருந்து அந்த வாசலை நினைத்துத்தான் பயந்துகொண்டு வந்தேன் என்று. நீ அந்தக் கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இழுத்து எடுக்க அவளும் இல்லை.

அன்று ராத்திரியே அக்காவிடம் சண்டை போட்டேன். பாபு எப்போது வந்தாலும் வாசலில் ஒரு ஆள் நிற்கக் கூடாது, யாரும் அவனைக் கேள்வி கேட்கக் கூடாது என்றேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப நான் எங்கடா போய் அழறது?" என்றாள். அதையும் யோசித்துப் பார். அவளும் அம்மாவும் நாத்தனார், தம்பி பெண்டாட்டி என்றா இருந்தார்கள்? ஒன்றாகவே வளர்ந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். உனக்காகத்தான் அவள் இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்தாள். "என்கிட்டயே அழு" என்றேன். சொன்னதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உன்னைக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்த கேள்வி எல்லாவற்றையும் என்னைக் கேட்டாள். உன்னைத் திட்ட வேண்டியதை என்னைத் திட்டினாள். பக்கத்து வீட்டு விளக்கெல்லாம் அணைந்துவிட்டது, அவள் நிறுத்தவில்லை. நானும் அழுதேன். அம்மா அடக்கத்தன்று நாற்காலி எண்ணவும் சாப்பாடு சொல்லவும் ஓடிக்கொண்டிருந்தேன், அழ நேரமில்லை. அக்கா முகம் கழுவிக்கொண்டு, "சரி, வரட்டும். ஒண்ணும் கேக்கல. டீ போட்டு குடுக்கறேன்" என்றாள். ஆக, உன் பங்கை நான் வாங்கிக்கொண்டுவிட்டேன் பாபு. வாசல் இப்போது வெறும் வாசல்தான்.

உனக்கு ஒன்று தெரியாது. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது, வார்டில் யாராவது இறந்துபோன நாளில் டியூட்டி முடிந்து வந்தால் உடனே வீட்டுக்குள் வரமாட்டாள். பையைத் தோளில் மாட்டியபடியே கேட்டுக்கு வெளியே நிற்பாள். செடியைப் பார்ப்பாள், பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் நான் வெளியே போய், ஏன் நிற்கிறாய், உள்ளே வா என்று கையைப் பிடித்துக் கூப்பிட்டேன். "உள்ள வந்து உங்க மொகத்த பாத்தா அழுதுடுவேன். கொஞ்சம் விடுங்க" என்றாள். அதற்குப் பிறகு கூப்பிட மாட்டேன். கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வேலை பார்ப்பது மாதிரி இருப்பேன். அவளாக வருவாள். நீ அவள் பிள்ளை. என்னைப் போல இருந்திருந்தால் இரண்டு சத்தம் போட்டுவிட்டு மறந்திருப்பாய்.

அப்பா என்ற முறையில் புத்தி சொல்லாமல் விடுவேனா? நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகும். வருபவளிடம் கப்பல் எங்கே நிற்கிறது என்பதைச் சரியாகச் சொல்லு. வர முடியாவிட்டால் வர முடியவில்லை என்று சொல்லு, வர மனமில்லை என்றால் அதையும் சொல்லு. கேட்பவருக்கு வலிக்கும், ஆனால் அவருக்கு நிற்க ஓர் இடம் கிடைக்கும். நடுக்கடல் என்று சொல்லிவிட்டால் அவர் எங்கே போய் நிற்பார்? என்னைப் போல ஒரு பொம்மைக் கப்பலைச் சுற்றிக்கொண்டிருப்பார். இன்னொன்று, சளி பிடித்திருந்தால் குரலை மாற்றிப் பேசாதே. தெரிகிறது.

மும்பைக்குப் போவதானால் போ. நல்லபடியாகப் பரீட்சை எழுது. வீட்டுக்கு எப்போது வர முடிகிறதோ அப்போது வா, கதவு திறந்திருக்கும், நான் உள்ளே வேலையாக இருப்பேன். ஆனால் அதற்கு முன்னால் உன் கப்பல் இன்னொரு தடவை சென்னைக்கு வரப்போகிறது. நங்கூரம் போட்டதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லு. "வந்துட்டேன்பா" என்றால் போதும். நீ இறங்க வேண்டாம், நான் ஹார்பர் வாசலுக்கும் வரமாட்டேன். அதே கருங்கல் மேல் வந்து நிற்கிறேன். பழ வண்டிக்காரர்கள் வெயிலுக்கு விரித்து வைப்பார்களே, பல நிறத்தில் ஒரு பெரிய குடை, அதை இம்தியாஸ் மாமா ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு இருவரும் நிற்போம். உன் கையில் நல்ல பைனாகுலர் இருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து எனக்கு நீ தெரியமாட்டாய். பரவாயில்லை. இவ்வளவு நாளும் நான்தானே உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? இந்த ஒரு தடவை நீ என்னைப் பார்.

உன் அப்பா